24 முட்டையில் 6 குஞ்சுதான்: கடைசி மூன்று நாளில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகின்றன, என்ன செய்வது?

சிப்புட்மகள் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அம்மா கோழி வளர்த்தார். பழைய கூடையில் காய்ந்த லாலான் புல்லைப் பரப்பி அடைக்கோழியை உட்கார வைத்தால் 12 முட்டைக்கு 10 குஞ்சாவது வெளியே வரும். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். பின்பக்கம் கொஞ்சம் இடம் இருப்பதால் 9 பெட்டை, 1 சேவல் வைத்திருக்கிறேன். எல்லாம் கம்பத்துக் கோழிதான், அதாவது நாட்டுக்கோழி.

பசாரில் மீன்காரரிடம் வாங்கிய வெள்ளை நுரைப் பெட்டியில் நானே இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) செய்தேன். 25 வாட் குண்டு பல்பு இரண்டு, சூட்டைக் கட்டுப்படுத்த டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்று. சூடு 37.5 டிகிரியில் வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டு கிண்ணம் தண்ணீர். ஈரப்பதம் 65 முதல் 70 வரை காட்டுகிறது. முட்டையை ஒரு நாளைக்கு மூன்று தடவை கையால் திருப்புகிறேன்.

முதல் தடவை 24 முட்டையில் 9 குஞ்சு. இரண்டாவது தடவை 20 முட்டையில் 5. இந்த வாரம் மூன்றாவது தடவை, 24 முட்டையில் 6. மீதி முட்டைகளில் பலவற்றில் 18ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது குஞ்சு அசைந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. உள்ளே உயிரோடு இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு 23ஆம் நாள் தூக்கிப் போடுவது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. என் தப்பு எது என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன்.

---

சேவல்கூண்டு | ஞாயிறு, இரவு 9.40

ஈரப்பதம் போதாது. கடைசி மூன்று நாள் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், திரும்பவே முடியாது. இன்னொரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். எனக்கு இதே பிரச்சினை வந்தது, தண்ணீரைக் கூட்டியதும் சரியாகிவிட்டது.

---

பால்மரத்தடி | ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, தண்ணீரைக் கூட்டுவதோ குறைப்பதோ அப்புறம். பொரிக்காத 18 முட்டையும் இன்னும் கையில் இருக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு, அகன்ற முனைப் பக்கமாக ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தில்தான் காற்றறை இருக்கும். நாற்றம் அடிக்கும் முட்டையையும் ஓட்டில் ஈரம் கசியும் முட்டையையும் உடைக்க வேண்டாம், வெடிக்கும். அப்படியே பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

உடைக்கும்போது நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். கரு எந்த வயதில் நின்றது, தலை எந்த முனையில் இருக்கிறது, காற்றறை பெரிதா சிறிதா, உடம்பு ஈரமாக வீங்கி இருக்கிறதா அல்லது சவ்வு காய்ந்து இறுகி இருக்கிறதா. 15 வருடமாகப் பொரிக்கிறேன். செத்த முட்டை சொல்லும் காரணத்தை வெளியில் இருந்து யாரும் ஊகிக்க முடியாது.

இன்னும் சில கேள்விகள். முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைத்தீர்கள், எங்கே வைத்தீர்கள்? குஞ்சு எந்த நாளில் வெளியே வந்தது, 20, 21, அல்லது 22? வந்த குஞ்சுகளின் தொப்புள் எப்படி இருந்தது?

---

சிப்புட்மகள் | திங்கள், மாலை 6.50

அண்ணே, நீங்கள் சொன்னபடி இன்று வேலை முடிந்து வந்ததும் உடைத்துப் பார்த்தேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள்.

4 முட்டையில் கருவே இல்லை, சுத்தக் கூமுட்டை. 2 முட்டையில் சிவப்பு இரத்த வளையம் மட்டும், கரு ஆரம்பத்திலேயே செத்துவிட்டது. 1 பாதி வளர்ந்து நின்றுவிட்டது. மீதி 11 முழுக் குஞ்சு. இறகு, நகம், அலகு எல்லாம் இருந்தது. அந்த 11இல் மூன்றுக்குத் தலை கூர்முனைப் பக்கம். மற்ற எட்டும் நல்ல இடத்தில்தான் இருந்தன, ஆனால் உடம்பு ஊறிப் போய் இருந்தது, உடைத்ததும் தண்ணீர் வழிந்தது. மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போகவில்லை. காற்றறை 50 சென் காசு அளவுக்குக்கூட இல்லை.

முட்டை 10 நாள் சேர்த்தேன், சமையலறையில் தட்டில் வைத்திருந்தேன். குஞ்சு 22ஆம் நாள் சாயங்காலம் தொடங்கி 23ஆம் நாள் காலை வரை வந்தது. வந்த ஆறில் இரண்டுக்குத் தொப்புள் ஈரமாகத் திறந்திருந்தது, வயிறும் பெரிதாக இருந்தது.

---

பால்மரத்தடி | திங்கள், இரவு 8.05

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு உங்களையும் மகளையும் பாராட்டுகிறேன். சவ்வு காய்ந்து செத்தது ஒன்றுகூட இல்லை. எட்டு குஞ்சு ஈரத்தில் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

கோழி முட்டை முதல் 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை நீராவியாக வெளியே விட வேண்டும். அந்த நீர் போன இடத்தில்தான் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு 20ஆம் நாள் வாக்கில் அலகால் உள்சவ்வைக் குத்தி, அந்தக் காற்றறையில்தான் முதல் மூச்சு விடுகிறது. அறை சிறியதாக இருந்தால் காற்று போதாது, சுற்றிலும் மிச்ச நீர் வேறு. ஓட்டைக் கொத்தத் தலையைத் திருப்பவும் இடம் இருக்காது. முதல் நாளிலிருந்தே 65, 70 என்று வைத்தால் முட்டையில் இருந்து நீர் எப்படி வெளியேறும்? 18 நாள் வரை 45 முதல் 55 போதும். கடைசி மூன்று நாளுக்குத்தான் 65க்கு மேல்.

தலை கூர்முனையில் இருந்த மூன்றுக்குக் காரணம் நீங்கள் வைத்த விதமாக இருக்கலாம். படுக்க வைத்தீர்களா, நிறுத்தி வைத்தீர்களா?

22ஆம் நாள் வந்தது என்றால் சூடும் குறைவாக இருந்திருக்கும். தெர்மாமீட்டரைச் சோதித்துப் பாருங்கள்.

---

சேவல்கூண்டு | திங்கள், இரவு 8.30

அண்ணே, மதிப்போடு சொல்கிறேன், என் அனுபவம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. நான் தண்ணீர் குறைத்த தடவையெல்லாம் குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்தது. உடைத்தும் பார்த்திருக்கிறேன், சவ்வு காகிதம் போல் இருந்தது. தண்ணீர் வைக்காமல் எப்படிப் பொரியும்?

---

புந்தோங் ஏர்கான் | திங்கள், இரவு 9.15

நான் ஈப்போவில் ஏர்கான் வேலை செய்கிறேன், கோழி பற்றிக் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் காற்றின் ஈரம் என் தொழில், அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்றை அப்படியே பெட்டிக்குள் இழுத்து 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலேயே ஈரப்பதம் ஏறக்குறைய 47 காட்டும். அண்ணன் சொன்ன 45 முதல் 55க்குள் வந்துவிட்டது, பாருங்கள். இரவில் 24 டிகிரி, 95 சதவீதம் என்று எடுத்துக்கொண்டாலும் உள்ளே 44 வரும். குளிர் நாட்டில் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதைச் சூடாக்கினால் காய்ந்து போகும். அதனால் அவர்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் கட்டாயம். அந்தக் குறிப்பைப் பேராக்கில் அப்படியே செய்தால் முட்டை மூழ்கிவிடும்.

சேவல்கூண்டு தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் இன்குபேட்டர் இருக்கும் அறையில் ஏர்கான் ஓடுகிறதா?

---

சேவல்கூண்டு | திங்கள், இரவு 9.22

ஆமாம் அண்ணே. நிபோங் திபாலில் என் கடையின் பின் அறையில் வைத்திருக்கிறேன். காலை 10 முதல் இரவு 9 வரை ஏர்கான் ஓடும்.

---

புந்தோங் ஏர்கான் | திங்கள், இரவு 9.36

அதுதான் வித்தியாசம். ஏர்கான் காற்றில் இருக்கும் தண்ணீரைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே விடுகிறது. அறை 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 25க்குதான் வரும். உங்கள் குஞ்சு காய்ந்து செத்ததும் உண்மை, அக்காவின் குஞ்சு ஈரத்தில் செத்ததும் உண்மை. உங்களுக்குத் தண்ணீர் வேண்டும், அவருக்கு வேண்டாம்.

---

சேவல்கூண்டு | திங்கள், இரவு 9.50

இப்போது புரிகிறது. அக்கா, நான் முதலில் சொன்ன மூன்றாவது கிண்ணத்தை வைத்துவிடாதீர்கள், மன்னிக்கவும்.

---

சிப்புட்மகள் | புதன், இரவு 10.03

தெர்மாமீட்டரைச் சோதித்தேன். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பெட்டியின் சென்சாரையும் ஒரே குவளை வெதுவெதுப்பான நீரில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் தெர்மாமீட்டர் 37.5 காட்டும்போது பெட்டி 38.3 காட்டுகிறது. அப்படியானால் நான் 37.5 என்று நம்பிய நாளெல்லாம் முட்டைக்குக் கிடைத்தது 36.7தான்.

ஈரமானியையும் விடவில்லை. மூடியில் கொஞ்சம் உப்பு, சில சொட்டுத் தண்ணீர், அதையும் ஈரமானியையும் இறுக்கமான பையில் போட்டு இரவெல்லாம் வைத்தேன். 75 காட்ட வேண்டிய இடத்தில் 68 காட்டியது. நான் 70 என்று பார்த்த நேரத்தில் உள்ளே 77 இருந்திருக்கிறது!

முட்டையைத் தட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். கம்பத்துக் கோழி முட்டையில் சிலது உருண்டையாக இருக்கும், எது கூர்முனை என்றே தெரியாது. சிலவற்றைத் தலைகீழாக வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

---

பால்மரத்தடி | புதன், இரவு 10.40

சந்தேகம் இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள், காற்றறை தெரியும் பக்கம் மேலே இருக்க வேண்டும். அதுவும் தெரியாவிட்டால் படுக்க வைத்துவிடுங்கள். படுத்த முட்டைக்குத் தப்பில்லை.

10 நாள் சேர்த்ததையும் குறைக்க வேண்டும். குளிர்ந்த அறையில் 7 நாள் தாங்கும். நம் சமையலறை மதியம் 31, 32 டிகிரி. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, இரவில் தளர்ந்து, பலவீனமாகிவிடும். இரத்த வளையம் வந்த இரண்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஐந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். கூண்டில் இருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை எடுத்துவிடுங்கள், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். முட்டையைக் கழுவ வேண்டாம், அழுக்கு முட்டையைச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

இந்தத் தடவை ஈரமானியை மட்டும் நம்பாமல் தராசை நம்புங்கள். பத்து முட்டைக்குப் பென்சிலில் குறியிட்டு, வைக்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து எழுதி வையுங்கள். 7ஆம் நாள், 14ஆம் நாள், 18ஆம் நாள் திரும்ப நிறுங்கள்.

---

பாகான்_அடைக்கோழி | வியாழன், காலை 7.10

பிள்ளை, உன் பெட்டியில் கரண்டு போகிறதா என்று யாரும் கேட்கவில்லையே. இப்போது மாலை ஆனால் இடி மழை. எங்கள் காலத்தில் அடை வைத்த கூடையில் ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் போடுவோம், இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பார்கள். ஆணி காப்பாற்றியதா என்பது வேறு. கோழி எந்த இடிக்கும் எழுந்து ஓடாமல் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும், சூடு குறையாது. உன் பெட்டிக்கு அந்தத் தைரியம் இல்லை. மின்னல் அடித்தால் வீட்டில் மெயின் ஸ்விட்ச் விழுகிறதா என்று பார்.

---

சிப்புட்மகள் | வியாழன், இரவு 9.30

பாகான் அம்மா, நீங்கள் கேட்டது என்னைத் தூக்கிப் போட்டது. எங்கள் வீட்டில் மின்னல் வெட்டினால் மெயின் ஸ்விட்ச் விழும். நான் வேலையில் இருப்பேன், மகள் டியூஷனில் இருப்பாள். வீட்டுக்கு வந்து ஸ்விட்சைத் தூக்கி விட்டுவிட்டு, சமைக்கப் போய்விடுவேன். மூன்று மணிக்கு விழுந்ததா, ஆறு மணிக்கு விழுந்ததா என்று யோசித்ததே இல்லை. போன மாதம் மட்டும் நான்கு நாளாவது அப்படி நடந்தது.

---

புந்தோங் ஏர்கான் | வியாழன், இரவு 10.12

அடிக்கடி விழுகிறது என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து எர்த் இணைப்பையும் அந்த ஸ்விட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அது விழுவது உங்கள் உயிரைக் காக்கத்தான், எக்காரணம் கொண்டும் அதை இணைப்பில் இருந்து எடுத்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

பெட்டிக்கு, தண்ணீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில் இரண்டை உள்ளே ஓரத்தில் படுக்க வையுங்கள். மூடி இருப்பதால் ஈரம் கூடாது, பல்பு அணைந்தாலும் அந்த நீரின் சூடு மெல்லத்தான் இறங்கும். கரண்டு போனால் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது.

---

பால்மரத்தடி | வியாழன், இரவு 10.30

இரண்டு மணி நேரக் குளிர் கருவைக் கொன்றுவிடாது, தாமதப்படுத்தும். அடைக்கோழியே தினமும் இரை எடுக்க 15, 20 நிமிடம் எழுந்து போகிறது. ஆனால் அதிகச் சூடு கொல்லும். 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பெட்டி மேல் வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

---

சிப்புட்மகள் | புது முட்டை வைத்த 7ஆம் நாள், இரவு 8.45

புதிதாக 24 முட்டை வைத்து 7 நாள் ஆகிறது. தெர்மோஸ்டாட்டை 38.3இல் வைத்து உண்மையான 37.5ஐக் கொண்டுவந்திருக்கிறேன். கிண்ணம் இல்லை, மூடிய பாட்டில் மட்டும். வயர்மேன் வந்து பழைய ஸ்விட்சை மாற்றிவிட்டார், அதற்குப் பிறகு இரண்டு இடி மழை வந்தும் விழவில்லை.

டார்ச் அடித்ததில் 3 கூமுட்டை, 1 இரத்த வளையம். 20இல் சிலந்திக் கால் போல நரம்பு ஓடுகிறது. குறியிட்ட பத்து முட்டை வைத்த நாளில் 450 கிராம், இன்று 436. 14 கிராம்தான் குறைந்திருக்கிறது. சரியா?

---

பால்மரத்தடி | அன்று இரவு 9.05

450இல் 12 சதவீதம் 54 கிராம். அதை 18 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3 கிராம், 7ஆம் நாள் 21 கிராம் போயிருக்க வேண்டும். இன்னும் ஈரம் கூடுதல். காற்றுத் துளை எத்தனை வைத்திருக்கிறீர்கள்? துளையை அடைத்து வைப்பது எல்லாரும் செய்யும் தப்பு. கடைசி வாரம் குஞ்சுக்கு நிறைய பிராணவாயு வேண்டும், அதற்காகவும் திறந்திருக்கட்டும்.

---

சிப்புட்மகள் | அன்று இரவு 9.20

இரண்டு துளை, ஒன்றை டேப் போட்டு அடைத்திருந்தேன். இப்போது டேப்பை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு துளை போட்டேன்.

---

சிப்புட்மகள் | 18ஆம் நாள், இரவு 9.00

14ஆம் நாள் 38 கிராம் குறைந்திருந்தது, இன்று 52. கணக்குப் போட்டால் 11.6 சதவீதம். காற்றறை முட்டையில் மூன்றில் ஒரு பங்கு அளவு சாய்வாகத் தெரிகிறது, இதுவரை என் முட்டைகளில் இப்படிப் பார்த்ததே இல்லை. 20 முட்டையும் உயிரோடு இருக்கிறது. திருப்புவதை நிறுத்தி, ரப்பர் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டேன். இப்போது ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன், ஈரமானி 63, அதாவது உண்மையில் 70.

---

கெடா தம்பி | 20ஆம் நாள், இரவு 11.15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் முட்டை ஒன்று காலையில் ஓட்டைக் கொத்தியது, இன்னும் வெளியே வரவில்லை. உடைத்து உதவலாமா?

---

பால்மரத்தடி | 20ஆம் நாள், இரவு 11.28

வேண்டாம் தம்பி. கொத்திய பிறகு 24 மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில்தான் சவ்வில் இருக்கும் இரத்தம் குஞ்சுக்குள் இறங்குகிறது, மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகிறது. இப்போது உரித்தால் இரத்தம் வரும். மூடியையும் திறக்காதே. ஒரு தடவை திறந்தால் ஈரம் போய், கொத்திய மற்ற முட்டைகளின் சவ்வு இறுகிவிடும்.

---

சிப்புட்மகள் | 22ஆம் நாள், காலை 6.40

16 குஞ்சு! முதல் குஞ்சு 20ஆம் நாள் நள்ளிரவு வந்தது, கடைசிக் குஞ்சு 21ஆம் நாள் மாலை. தொப்புள் எல்லாம் மூடி, காய்ந்து இருக்கிறது. என் அம்மா விடியற்காலையில் எழுந்து வந்து பெட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார், தேநீர்கூடக் குடிக்கவில்லை.

வராத நான்கையும் உடைத்தேன். இரண்டு தலை கூர்முனைப் பக்கம், ஒன்று கொத்திய பிறகு செத்தது, ஒன்றுக்குக் கால்விரல் சுருண்டு, தூவி கட்டி கட்டியாக இருந்தது.

---

பால்மரத்தடி | 22ஆம் நாள், காலை 7.30

மனம் நிறைந்தது தங்கச்சி. அந்தக் கடைசிக் குஞ்சைப் பார்த்தால் தாய்க்கோழியின் தீனியில் பி2 வைட்டமின் குறைவோ என்று தோன்றுகிறது. என்ன போடுகிறீர்கள்? சேவல் எங்கிருந்து வந்தது?

---

சிப்புட்மகள் | 22ஆம் நாள், காலை 7.42

உடைத்த சோளமும் மிச்சச் சோறும்தான். சேவல் இந்தப் பெட்டைகளில் ஒன்றின் மகன்.

---

பால்மரத்தடி | 22ஆம் நாள், காலை 8.10

சோளமும் சோறும் வயிற்றை நிரப்பும், முட்டைக்குள் குஞ்சை வளர்க்காது. முட்டை எடுக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே பிரீடர் தீனி (பொரிக்கும் முட்டைக்கான தாய்க்கோழித் தீனி) கொடுங்கள், கீரையும் போடுங்கள். முருங்கை இருந்தால் நல்லது. சேவலை மாற்றத்தான் வேண்டும், ஒரே இரத்தம் சேரச் சேரப் பொரிப்பு குறையும். என்னிடம் 9 மாதச் சேவல் ஒன்று கூடுதலாக இருக்கிறது, வேறு வம்சம். கோலகங்சார் பக்கம் வந்தால் உங்கள் சேவலைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள். புதுச் சேவல் போன பிறகு மூன்று வாரம் பொறுத்து முட்டை சேருங்கள், பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு வாரத்துக்கு மேலும் இருக்கும்.

---

சிப்புட்மகள் | 22ஆம் நாள், காலை 8.25

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணே. அம்மாவும் வருகிறார், உங்கள் அடைக்கோழிகளைப் பார்க்க வேண்டுமாம்.